கடல் கடந்த கேள்விகள்: பணத்தோடு சேர்த்து யோசனையையும் கேளுங்கள்

வெளிநாட்டு வேலை பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு, மேலூர் தாலுகா அலுவலகம் அருகே மனு எழுதித் தரும் நம் பதிலாளர் பதில் சொல்கிறார். சவூதியில் ஜுபைலில் பைப் ஃபிட்டராக இருந்து ஊர் திரும்பியவர். புலம்பெயர்வு, வளர்ச்சி பற்றிய அரசுத் திட்டங்களில் வெளிநாடுவாழ் தமிழர்களின் குரல் எப்படிச் சேர வேண்டும் என்று வந்த கடிதங்கள் மட்டும் இந்த இதழில்.

அண்ணே, நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். வருடா வருடம் ஜனவரி 12ல் சென்னையில் அயலகத் தமிழர் தினம் நடக்கிறது. போட்டோவில் தொழிலதிபர்கள், டாக்டர்கள், வெளிநாட்டு மந்திரிகள்தான் தெரிகிறார்கள். எங்களைப் போன்ற வொர்க் பர்மிட் ஆட்களிடம் யார் கேட்பார்கள்? கேட்டால்தான் நாங்கள் என்ன சொல்லிவிடப் போகிறோம்?
– கொட்டாம்பட்டி வாசகர், சிங்கப்பூர்

தம்பி, கடைசி வரியில் உங்களை நீங்களே குறைத்துக்கொண்டீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக நம்மிடம் இருப்பது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். பத்தாம் வகுப்பு தேறாத ஒருவர், அரசு குறித்து வைத்திருக்கும் 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போனால் முன் அனுமதி வாங்க வேண்டும். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்று நாம் சொல்வது இவர்களுடையதைத்தான். அனுமதி வாங்கும்போது அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயர் ஏறும், ஒப்பந்தம் பதிவாகும், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம். சவூதி, குவைத், கத்தார், அமீரகம், மலேசியா எல்லாம் அந்த 18ல் உண்டு. சிங்கப்பூர் கிடையாது.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2015ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, நம் மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னது. முதலிடம் சிங்கப்பூருக்கு, ஏறக்குறைய 4 லட்சம் பேர். நம் ஆட்கள் அதிகம் போகும் நாடு, சட்டம் கண் வைத்திருக்கும் பட்டியலிலேயே இல்லை. அதுவும் போக, நம் பையன்கள் பெரும்பாலும் பத்தாவது தேறிவிடுகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்த பையன் துபாய்க்குப் போய் ஏமாந்தாலும், ஈ.சி.ஆர். கணக்கில் அவன் வரமாட்டான். படிப்பு குறைவானவருக்குக் கவசமாகப் போட்ட சட்டம், படித்துத் தேறிய நம் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறது.

இது காகிதத்தில் இருப்பது. ஆனால் டெஸ்ட் அடிக்க, அதாவது வேலைக்கான திறன் தேர்வில் தேற, எத்தனை மாதம் இன்ஸ்டிடியூட்டில் கிடந்தீர்கள், தேறிய பிறகு 'கம்பெனி காட்டுகிறேன்' என்று யார் வந்தார், பணம் எந்த டீக்கடையில் கை மாறியது, எந்த வட்டிக்கு வாங்கினீர்கள், முதல் எத்தனை சம்பளம் அந்தக் கடனுக்கே போனது? இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். சிங்கப்பூர் சட்டப்படி அங்குள்ள ஏஜென்சி ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. அதற்கு மேல் நீங்கள் கொடுத்த லட்சங்கள் நம் மண்ணிலேயே, ரசீது இல்லாமல் போனவை. அந்தப் பாதையைச் சொல்ல ஒரு தொழிலதிபரால் முடியாது, அவர் அந்த வழியாகப் போனதில்லை.

விழாவை நான் குறை சொல்லவில்லை. நாலு நாட்டுத் தமிழர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவது நல்ல காரியம். டாக்டர்களும் தொழிலதிபர்களும் வரட்டும், அவர்களும் நம் பிள்ளைகள்தான். ஆனால் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் லீவு எடுத்து டிக்கெட் போட்டு வர எந்த வொர்க் பர்மிட் தொழிலாளியால் முடியும்? அவர்கள் வர முடியாத இடத்தில் வைத்து அவர்களைக் கலந்து ஆலோசிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்களே, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலிருந்து இரண்டு பேர் அங்கே நாற்காலி போட்டு உட்காரட்டும். தொழிலாளர் விடுதிக்குப் போகட்டும். மூன்றே கேள்வி போதும்: எவ்வளவு கொடுத்து வந்தாய், சொன்ன சம்பளம் கிடைத்ததா, ஊருக்குத் திரும்பினால் என்ன செய்யப் போகிறாய்? அதற்கு வரும் பதில்களை மேசையில் வைத்துவிட்டு அப்புறம் திட்டம் எழுதட்டும்.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிவு செய்யுங்கள், அறையில் இருக்கும் மற்றவர்களையும் செய்ய வையுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

அண்ணே, என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். எங்கள் ஊர் கிராம சபையில் எழுந்து, வெளிநாடு போகிறவர்களுக்கு ஏதாவது ஏற்பாடு வேண்டும் என்று பேசினேன். "ரோடு, தண்ணி பேசுற இடத்துல இது எதுக்கும்மா" என்று உட்கார வைத்துவிட்டார்கள். நான் பேசியது தவறா?
– உசிலம்பட்டிப் பக்கத்து வாசகி

தவறே இல்லை தங்கச்சி. உங்கள் தெருவுக்கு வரும் பணத்தில் பாதி எங்கிருந்து வருகிறது என்று உட்கார வைத்தவரிடமே கேட்டிருக்கலாம்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். தெருவில் ஒரு மதினி, அவர் மகன் மலேசியாவில் இருக்கிறான். கிராம சபைக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நீலப் பேனாவில் கோடு போட்ட பத்திகள்: பெயர், நாடு, வேலை, பாஸ்போர்ட் எந்த வகை, ஏஜென்ட் பெயர், கொடுத்த பணம், காப்பீடு. நோட்டு நிறைந்த பிறகு என்னிடம் கொண்டு வந்தார். பெயரும் நாடும் எல்லா வரியிலும் இருந்தன. ஏஜென்ட் பெயர் பத்தியில் பாதிக்கு மேல் "சென்னைக்காரர்" அல்லது ஒரு செல் நம்பர். அந்த நம்பர்களில் பல இப்போது போகவில்லை. காப்பீடு பத்தியில் ஏறக்குறைய எல்லோரும் "தெரியாது". பீரோவில் தேடச் சொன்னோம். சிலர் வீட்டில் பாஸ்போர்ட் நகலோடு மடித்து வைத்த பாலிசித் தாள் கிடைத்தது. போகும்போது இரண்டு வருடத்துக்கு எடுத்தது, காலாவதியாகி வெகு காலம். ஆள் அங்கேயே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டார், பாலிசியை யாரும் புதுப்பிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் பிரீமியம். இங்கே இருந்தே இணையத்தில் புதுப்பிக்கலாம் என்று அந்த வீடுகளில் ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மதினி சபையில் எழுந்தபோது அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. "எங்கள் வீட்டுக் கஷ்டம்" என்று அவர் பேசவில்லை. ஊராட்சியின் கணக்கைப் படித்தார். தீர்மானத்தை நான் எழுதிக் கொடுத்தேன்: நம் ஊராட்சியிலிருந்து வெளிநாடு சென்றோருக்குப் பதிவேடு ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும், புறப்படுமுன் தரும் பயிற்சியை மதுரையிலும் மேலூரிலும் தமிழில் நடத்த வேண்டும், வெளிநாட்டு வேலை குறித்த எந்தத் திட்டத்துக்கும் முன்னால் இந்தக் குடும்பங்களின் கருத்தை மாவட்ட நிர்வாகம் கேட்க வேண்டும். தீர்மான நோட்டில் ஏறியது, கையெழுத்தானது.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை உண்டு. நம் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5ஓடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். நடத்துவது யாராக இருந்தாலும் சபை சபைதான், தீர்மானம் தீர்மானம்தான். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதோடு ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புலம்பெயர்ந்தோர் கருத்து என்றால் விமானம் ஏறிப்போனவரின் கருத்து மட்டும் என்று பெரிய இடத்தில் நினைக்கிறார்கள். அங்கிருந்து வரும் பணத்தைப் பிரித்து, வட்டி கட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து வாங்கி, மிச்சத்தில் நகையை மீட்பது நீங்கள். அந்தப் பணத்தால் ஊர் எவ்வளவு வளர்ந்தது, எங்கே வளரவில்லை என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆலோசனைக் குழு எது போட்டாலும், பெண்களுக்கு அதில் பாதி இடம் வேண்டும் என்பேன். அதிலும் மனைவியரும் தாய்மாரும் முதலில்.

துபாயில் அக்கவுன்டன்ட் வேலை. இந்தியப் பாஸ்போர்ட்தான். ஓட்டு இருந்தால் தலைவர்கள் தானாகவே எங்களைத் தேடி வரமாட்டார்களா? வெளிநாட்டிலிருந்தே ஓட்டுப் போட என்ன வழி?
– திருமங்கலம் வாசகர், துபாய்

ஓட்டுரிமை இருக்கிறது தம்பி, போடும் வழிதான் இல்லை. 2010ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களை வாக்காளராகச் சேர்த்தார்கள். படிவம் 6ஏ நிரப்பினால், பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் பெயர் ஏறும். ஆனால் ஓட்டுப்போட அசல் பாஸ்போர்ட்டோடு திருமங்கலம் வாக்குச்சாவடிக்கு நேரில் வரவேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் சுமார் 1.2 லட்சம் வெளிநாடுவாழ் வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 3,000 பேரைக்கூடத் தொடவில்லை. பதிவானவர்களில் பெரும்பகுதி கேரளத்தவர்.

வேறொருவர் நமக்காக ஓட்டுப்போட வழி செய்யும் மசோதா 2018ல் மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. மின்னணு முறையில் தபால் வாக்கு அனுப்பலாம் என்று தேர்தல் ஆணையம் 2020ல் அரசுக்கு எழுதியது. பிலிப்பைன்ஸ் 2003லேயே தன் தொழிலாளர்கள் இருக்கும் நாட்டிலிருந்தே வாக்களிக்கச் சட்டம் போட்டுவிட்டது. பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் கீழவையில் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்றே 11 தொகுதிகள் உண்டு. நம்மால் முடியாததல்ல.

6ஏ நிரப்புங்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியல் நீளாமல் இருக்கும் வரை, 'கேட்கிறவர் யாரும் இல்லை' என்ற பதில்தான் வரும்.

மதுரை அண்ணாநகரில் பிறந்து வளர்ந்தவன். லண்டனில் மருத்துவர். பிரிட்டிஷ் குடியுரிமை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை உண்டு. நான் படித்த அரசுப் பள்ளிக்கு நண்பர்களோடு சேர்ந்து ஏதாவது செய்ய விருப்பம். ஆனால் எங்களிடம் பணம் மட்டும் எதிர்பார்க்கிறார்கள், யோசனை கேட்பதில்லை என்பது வருத்தம்.
– லண்டன் வாசகர்

ஐயா, முதலில் சட்டச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன், நல்லது செய்யப் போய் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்களைப் போல வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத பழைய மாணவர் சங்கமோ அறக்கட்டளையோ அதை வாங்கக் கூடாது. நண்பர்களில் யார் எந்தப் பாஸ்போர்ட் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிகளுக்கென்றே 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து எப்படிச் செலுத்துவது என்று அங்கேயே எழுதிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

யோசனை கேட்பதில்லை என்கிறீர்களே, அந்த வருத்தம் எனக்கும் உண்டு. மெக்ஸிகோவில் 'ஒன்றுக்கு மூன்று' என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரு பெசோ போட்டால் ஊராட்சி ஒன்று, மாநிலம் ஒன்று, மத்திய அரசு ஒன்று போடும். ஸகடேகாஸ் என்ற மாநிலத்தில் முளைத்து, 2002ல் நாடு முழுவதும் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது பணக் கணக்கு அல்ல. எந்த வேலையை எடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் புலம்பெயர்ந்தோரின் ஆளும் உட்கார்ந்தார். ஊர் வேலைக்கு மக்களும் பணம் போடும் நம் 'நமக்கு நாமே' திட்டத்திலும் 'எனது கிராமம்' திட்டத்திலும் வெளிநாட்டில் இருப்பவரின் பங்கு காசோலையோடு முடியாமல், வேலையைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்குப் பார்ப்பதிலும் இருக்க வேண்டும்.

ஆனால் ஐயா, உரிமையோடு ஒன்று சொல்கிறேன். லண்டனில் உட்கார்ந்து ஸ்மார்ட் வகுப்பறை என்று முடிவு செய்துவிடாதீர்கள். தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்களையும் கேளுங்கள். தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும் என்பார்கள், இல்லை, மாலை வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பார்கள். உங்களைக் கேட்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயமோ, அவர்களைக் கேட்பதும் அவ்வளவு நியாயம்.

மதுரையிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஏன் இத்தனை குறைவான விமானங்கள்? அயலகத் தமிழர்கள் கேட்டால் நடக்காதா?
– வாடிப்பட்டி வாசகர்

விமானம் விடுவது கம்பெனியின் விருப்பம் மட்டுமல்ல. இரண்டு நாட்டு அரசுகள் போடும் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் எந்தெந்த ஊருக்கு அந்த நாட்டு விமானம் வரலாம் என்று பட்டியல் இருக்கும். அமீரகம், சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றோடு உள்ள ஒப்பந்தங்களில் மதுரையைச் சேர்க்க வேண்டும் என்பது தென்மாவட்டங்களின் நெடுநாள் கோரிக்கை. ஊர் பட்டியலில் இல்லாவிட்டால் அந்த நாட்டு விமானம் இங்கே இறங்க முடியாது, நம் நாட்டு விமானம் போனால்தான் உண்டு. மேலூர்க்காரர் திருச்சிக்கும் கொச்சிக்கும் வேன் பிடித்து ஓடுவது இதனால்தான். புலம்பெயர்ந்தவர்களிடம் கேட்டால் முதல் பதிலாக வந்திருக்கும் விஷயம் இது. மனுவில் 'மதுரைக்கு விமானம் வேண்டும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த ஒப்பந்தத்தில் மதுரையைச் சேர்க்க வேண்டும் என்று நாட்டின் பெயரோடு எழுதி எம்.பி.க்களிடம் கொடுங்கள். அங்கே இருப்பவர்களும் அதே வாசகத்தோடு கையெழுத்து அனுப்பட்டும்.

ஐயா, நான் மதுரையில் சமூகப்பணி படிக்கும் மாணவி. கேரளத்தின் 'லோக கேரள சபை' போலத் தமிழ்நாட்டுக்கும் ஒன்று வேண்டுமா? நம்மிடம்தான் நல வாரியம் இருக்கிறதே?
– செல்லூர் வாசகி

நல்ல கேள்வி அம்மா. கேரளம் இதில் நமக்கு முன்னால் போய்விட்டது, மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கென்று 1996லேயே தனித்துறை வைத்தார்கள். 1998 முதல் புலம்பெயர்வு ஆய்வைத் திரும்பத் திரும்ப நடத்துகிறார்கள். எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர், எந்த நாட்டில், எவ்வளவு அனுப்புகிறார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. 2018 ஜனவரியில் லோக கேரள சபை கூடியது. 351 உறுப்பினர்கள்; மாநிலத்தின் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும், அவர்களோடு வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் உள்ள மலையாளிகளின் பிரதிநிதிகளும்.

அதில் குறை இல்லாமல் இல்லை. பிரதிநிதிகளைப் புலம்பெயர்ந்தவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அரசு நியமிக்கிறது. சபை சொன்னால் அரசு செய்தே தீரவேண்டும் என்றும் கிடையாது. எதிர்க்கட்சிகள் செலவைக் கண்டித்துப் புறக்கணித்ததும் உண்டு. ஆனாலும் சட்டம் போடுகிறவரும் கப்பலிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசுவது பழக்கமாகிவிட்டது. அது பெரிய விஷயம்.

நம்மிடம் 2011லேயே வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் வந்தது. வாரியம் உண்மையில் உயிர் பெற்றது இந்தச் சில ஆண்டுகளில்தான். 1978லேயே அரசே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஒரு நிறுவனம் தொடங்கிய மாநிலம் இது. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை அழைத்து வந்து நம் ஊரைக் காட்டும் 'வேர்களைத் தேடி' நல்ல திட்டம். வாரியம் நலத்தைப் பார்க்கும்: காப்பீடு, உதவி, மீட்பு. சபை கொள்கையைப் பேசும். இரண்டும் வேறு வேலை, அதனால் இரண்டும் வேண்டும் என்பேன். சபை அமைத்தால் மூன்றில் ஒரு பங்காவது ஒப்பந்தத் தொழிலாளர்களாகவும் திரும்பி வந்தவர்களாகவும் இருக்க வேண்டும். திரும்பி வந்தவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விசா முடிந்து ஐம்பது வயதில் முதுகுவலியோடு பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவருக்கு எந்தத் துறையிலும் தனிப் பெயர் கிடையாது.

உங்கள் படிப்புக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். 2018 டிசம்பரில் ஐ.நா. சபை ஏற்ற புலம்பெயர்வு ஒப்பந்தத்துக்கு இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. அதில் 23 நோக்கங்கள். முதல் நோக்கமே சரியான தரவைச் சேகரிப்பது. 19ஆவது, புலம்பெயர்ந்தோரும் அவர்கள் சமூகங்களும் வளர்ச்சியில் முழுமையாகப் பங்களிக்க வழி செய்வது. 2023-24ல் இந்தியாவுக்கு வந்த பணத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதல் என்கிறது ரிசர்வ் வங்கி ஆய்வு. பணத்தை இவ்வளவு துல்லியமாக எண்ணுகிறவர்கள், அனுப்பும் ஆட்களையும் எண்ணட்டும். நீங்கள் ஆய்வு செய்யப் போவதாக இருந்தால் பெரிய தலைப்பு வேண்டாம். ஒரே ஊராட்சியை எடுங்கள், வீடு வீடாகப் போங்கள். என்னால் முடிந்த உதவி செய்கிறேன்.

ஆனையூர் முகாமில் இருக்கிறோம். இலங்கையிலிருந்து வந்து இங்கேயே பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். புலம்பெயர்ந்தோர் கருத்துக் கேட்பு என்றால் அதில் நாங்களும் வருவோமா?
– மதுரை வாசகர்

வர வேண்டும் ஐயா. நிர்வாகப்படி பார்த்தால் உங்கள் முகாமைக் கவனிப்பதும், அயலகத் தமிழர் நலனைக் கவனிப்பதும் ஒரே துறைதான். 2021ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், புதிய வீடுகள் அறிவித்தார்கள். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. ஆனால் குடியுரிமை வேறு கேள்வி, அதற்கு இது பதில் ஆகாது. விலக்கின் நகலை எடுத்து உங்கள் பதிவுச் சான்றோடு சேர்த்து வையுங்கள்.

உங்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவரின் குரலுக்கு மேசையில் எழுதி வைத்த இடம் வேண்டும், இல்லையென்றால் அது யார் காதிலும் விழாது. ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி என்று ஒவ்வொரு முகாமிலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மாவட்ட அளவில் ஆலோசனைக்கு வரவேண்டும் என்று கேட்டு எழுதலாம். என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். காசு வேண்டாம்.

அண்ணே, வெளிநாட்டு வேலை பற்றிப் புதுச் சட்டம் வருகிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிக்கிறார்களாம். எங்களுக்குத் தெரிவதற்குள் தேதி முடிந்துவிடுகிறது. தெரிந்தாலும் எப்படி எழுதுவது?
– பேரையூர் வாசகர், கத்தாரிலிருந்து திரும்பியவர்

நீங்கள் சொல்வது 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட வெளிநாட்டு இடப்பெயர்வு மசோதாவின் வரைவு. நவம்பர் 7 வரை கருத்துச் சொல்லலாம் என்றார்கள். 2021லும் இப்படி ஒரு வரைவு வந்தது. இம்முறை என் கைக்குக் கிடைத்தது ஆங்கிலப் படிதான். தெரிந்த ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து பத்தி பத்தியாகச் சொல்ல, திரும்பி வந்த நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். கேட்டவர்கள் வரைவில் இல்லாததையெல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். "புகார் கொடுத்தால் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து மிரட்டுகிறானே, அதற்கு என்ன?" என்றார் ஒருவர். "என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வேலை மாறினால் தரமாட்டேன் என்றான். இங்கே இருக்கிற ஏஜென்டுக்கு அதில் பொறுப்பு உண்டா?" என்றார் இன்னொருவர். கருத்துக் கேட்பு என்றால் இதுதான். இது நடக்க வரைவு தமிழில் வேண்டும், குறைந்தது மூன்று மாத அவகாசம் வேண்டும், மதுரை மாதிரி ஊரில் ஒரு நேரடிக் கூட்டம் வேண்டும். இந்த மூன்றையும் நான் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். சட்ட மொழி தேவையே இல்லை. உங்களுக்கு நடந்ததை மாதம், வருடம், ஊர், தொகையோடு எழுதுங்கள். அதற்குக் கீழே, 'இப்படி நடக்காமல் இருக்க இன்னது செய்ய வேண்டும்' என்று ஒரே ஒரு கோரிக்கை. பத்துக் கோரிக்கை அடுக்கினால் ஒன்றும் நிற்காது. எடுத்துக்காட்டுக்கு: 'பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்று இருக்கிறது. என்னிடம் அதைப்போல் பல மடங்கு வாங்கினார்கள், ரசீது தரவில்லை. வங்கி வழியாக மட்டுமே கட்டணம் பெற வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுங்கள்.' இந்த நாலு வரி போதும். பெயர் சொல்லப் பயமாக இருந்தால் ஏஜென்டின் பெயரை விட்டுவிடுங்கள், தொகையை விடாதீர்கள்.

மின்னஞ்சலில் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் மனு நகலையும் ஒன்றாகப் பின் அடித்து வையுங்கள். உங்கள் எம்.பி.க்கும் ஒரு பிரதி. தேதி முடிந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். ஒரு மசோதா சட்டமாகும் வரை நாடாளுமன்றத்தில் பேசப்படும், எம்.பி.க்கள் அடங்கிய நிலைக்குழுவுக்குப் போனால் அங்கேயும் கருத்துக் கேட்பார்கள். சட்டமான பிறகு விதிகள் எழுதுவார்கள். கட்டணம் எவ்வளவு, ரசீது எப்படி, புகார் யாரிடம் என்பதெல்லாம் விதிகளில்தான் வரும். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் மேசையில் இருக்க வேண்டும். கத்தாரிலிருந்து திரும்பியவர்கள் பேரையூர்ப் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மேலூருக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு கடிதமாகத் தனித்தனியாக எழுதுவோம். எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் அங்கே அது ஒரு கடிதமாகத்தான் எண்ணப்படும்.